பீரோ கண்ணாடி

கிருஷ்ணகிரி வீட்டு பீரோ கண்ணாடியின் ஓரத்தில் அம்மா ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. அப்பாவின் 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் அவற்றைச் சுரண்டி எடுக்கச் சொன்னார் பெரியம்மா. நான் எடுக்கவில்லை.

லண்டனில் பிறந்து டெல்லிக்கு வந்த பாரதி கேர் என்ற கலைஞர், 2006இல் சரிந்து கிடக்கும், நிஜ யானை அளவிலான ஃபைபர் யானை ஒன்றின் உடல் முழுக்கப் பொட்டுகளாகவே ஒட்டினார். யானைக்கு வைத்தால் கலை. அம்மா வைத்தால் மட்டும் தெருவே கணக்குக் கேட்கிறது!

நேற்று சந்தையில் நான்கு அட்டை பொட்டு வாங்கி, பழைய முறத்தில் ஒட்டிப் பார்த்தேன். சாணி மெழுகிய மூங்கில் அல்லவா, பாதி உதிர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்த அம்மா, "கோந்து தடவுடி" என்றார். பிறகு மிச்ச அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெரூனில் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். முறத்துக்கு இல்லை.