தண்டையார்பேட்டை மரத்துக் காளானும் ஒரு சீட்டும்

மழை விட்டதும் தண்டையார்பேட்டைப் பக்கம் புங்கை, குல்மொஹர் அடிமரங்களைப் பாருங்கள், வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்பாய் மின்னும் காளான் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் கனோடெர்மா. வெள்ளையான அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். மேலே படிந்திருக்கும் பழுப்புத் தூள் அதன் வித்துகள், அதாவது காளான் பரவ உதவும் நுண்துகள்கள்.

கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் உலர்தாவரகத்தில் காளான்களை உலர்த்திப் பாதுகாக்கிறார்கள். வருஷக்கணக்கில் கிடந்து நிறம் மங்கினாலும் இரட்டைச் சுவர் கொண்ட வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்து கனோடெர்மாதான் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எந்த மரம், எந்தத் தெரு, எந்த நாள்? அதைக் காளானோடு எழுதி வைக்கும் விவரச் சீட்டுதான் சொல்ல வேண்டும். ‘சென்னை’ என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதவே போதாது, எண்ணூரும் வியாசர்பாடியும் ஒன்றா என்ன? அதனால் படம் எடுக்கும்போதே மரத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது உயிரோடு நிற்கிறதா பட்டுப்போனதா என்பதையும்.