மூன்று கோல் முன்னிலையில்

சனிக்கிழமை ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி வைத்துவிடுவேன். முதல் பதினொரு பெயருக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குக் கீழே வரும் ஐந்து பெயர்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

பகலில் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. மாலையிலும் வார இறுதியிலும் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி. ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இடி மின்னல் எச்சரிக்கை வந்து திடலைக் காலி செய்யச் சொன்ன நாள்களைக் கழித்துவிட்டால் கொஞ்சம் குறையும்.

2018-ல் சிங்கப்பூர்ப் பிரிமியர் லீக்கில், அதாவது எங்கள் நாட்டின் முதல்நிலைக் காற்பந்து லீக்கில், ஒரு விதி வந்தது. உள்ளூர்க் கழகங்கள் தொடக்கப் பதினொருவரில் 23 வயதுக்குட்பட்ட மூவரை இறக்கியே ஆக வேண்டும் என்று. தேக்கா வட்டாரத்துக் கடையில் தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஆறும்வரை நண்பர்களோடு இதைப் பற்றிச் சண்டை போட்டேன். "விதி போட்டா ஆட்டக்காரன் முளைப்பானா? திறமை இருந்தா அவனே மேலே வருவான். ஹாரிஸ் ஹாருன் 16 வயசுல தேசிய அணியில ஆடலையா?" 2003-லிருந்து இளையர்களுக்கென்றே யங் லயன்ஸ் என்று ஓர் அணியை லீக்கில் ஆட விடுகிறார்களே, பல வருஷம் புள்ளிப் பட்டியலின் அடியில்தானே கிடந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். பேசுவதற்கு என்ன, என் பட்டியலை யாரும் கேட்கவில்லை.

மறு வருஷம் என் அணியில் டிசம்பரில் பிறந்த ஒரு பையன் இருந்தான். வயதுப் பிரிவை ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடுகிறார்கள். அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவன் இவனைவிடப் பதினொரு மாதம் மூத்தவன். அந்த வயதில் பதினொரு மாதம் சின்ன விஷயமில்லை. ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இளையர் அணிகளில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்று பயிற்சியாளர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன். பிறகொரு நாள் என் பதினொருவரின் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். ஏழு பேர் ஏப்ரலுக்கு முன்னால் பிறந்தவர்கள்.

இந்தப் பையன் பந்து தன்னிடம் வருமுன் இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒருவன் தோளால் இடித்தால் விழுந்துவிடுவான்.

அந்தச் சனிக்கிழமை இருபது நிமிடம் மிச்சமிருக்கையில் நாங்கள் மூன்று கோல் முன்னிலை. அவனை எழுந்து உடம்பைச் சூடேற்றச் சொன்னேன். ஆரஞ்சு மேலாடையோடு கோட்டோரமாக ஓடினான். திரும்பி வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தான். நான் திடலைப் பார்த்தேன். இரண்டு தடவை குனிந்து அவிழாத நாடாவை அவிழ்த்துக் கட்டினான். ஒரு கோல் வாங்கிவிட்டால் கோல் வித்தியாசம் குறையுமே என்று எனக்குள் ஒரு கணக்கு. விசில் ஊதியபோது 4-0. அவன் கூம்புகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பொறுக்கி வந்தான். சட்டையில் காலையில் இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருந்தது.

பாட்டி வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி, பிளாஸ்கில் மைலோவோடு. "தம்பி, இன்னிக்கு இவன் ஆடினானா? எல்லாரும் ஒரே சட்டை, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல." நான் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்: "ஆடினேன் பாட்டி, கடைசியில." நான் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் 1-1 என்றிருந்தால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். மூன்று கோல் கையில் இருக்கும்போது எதற்குப் பயந்தேன்? கோப்பை இருந்தால்தான் புதுப் பையன்கள் சேர்வார்கள், அவர்கள் சேர்ந்தால்தான் என் சம்பளம். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. பெற்றோர் வாட்ஸ்அப் குழு வேறு இருக்கிறது. ஆனால் உண்மையில் அன்று யாரும் என்னை நெருக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இந்த ஊரில் காலமும் குறைவு. 18 வயதில் ஈராண்டு தேசிய சேவை, பையன்களுக்கான கட்டாயப் படைச் சேவை, வந்துவிடும். 16-ல் வளரத் தொடங்குகிற பையனுக்கு நடுவில் எத்தனை சனிக்கிழமை கிடைக்கும்? தேக்காவில் நான் அடித்துப் பேசிய அந்த 16 வயதுக்காரரையும் ஒரு பயிற்சியாளர் "போ" என்று திடலுக்குள் அனுப்பியிருந்தால்தானே அவர் ஆடியிருக்க முடியும்?

அடுத்த பருவத்தில் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். பெஞ்சில் உட்காரும் ஒவ்வொருவனுக்கும் குறைந்தது பதினைந்து நிமிடம். யார் எந்த நிமிடத்தில் இறங்குவது என்று வெள்ளிக்கிழமையே எழுதி, தாளைத் துணைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுவேன். நேரம் வந்ததும் அவர் கத்த வேண்டும், நான் மறுக்கக் கூடாது. அதனாலேயே ஓர் அரையிறுதியைத் தோற்றோம். முன்னிலையில் இருந்தபோது எங்கள் முன்கள வீரனை வெளியே அழைத்தோம், அப்புறம் இரண்டு கோல் வாங்கினோம். அவன் அப்பா ஆட்டம் முடிந்து என்னிடம் வந்தார். "கோச், மத்த பிள்ளைங்க வளரணும், சரி. நெருக்கடியில கடைசி பத்து நிமிஷம் ஆடினாத்தானே இவன் வளருவான்?" அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. விதியை மட்டும் பதினைந்திலிருந்து பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்தேன், அதுவும் மனசில்லாமல்.

டிசம்பர் பையன் அந்த விதியைப் பார்க்கவில்லை. அந்தப் பருவம் முடிந்ததுமே நின்றுவிட்டான். போன மாதம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ராணுவச் சீருடையில் ஒருவன் "கோச்" என்று கூப்பிட்டான். என்னைவிட ஒரு சாண் உயரம். முகாமில் சும்மா ஆடுவதாகச் சொன்னான். பாட்டி போன வருஷம் தவறிவிட்டாராம். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ரயில் வந்துவிட்டது. கதவருகே போனவன் திரும்பி, "அன்னிக்கு நீங்க பாட்டிகிட்ட ஒண்ணும் சொல்லல, தேங்க்ஸ் கோச்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.