டிரை ஃபுட் பையைத் திருப்பிப் பாருங்கள்

நாய்க்கு வாங்கும் டிரை ஃபுட் பையின் முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம்தான். 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், உள்ளே சத்து எவ்வளவு என்பதை அந்தச் சொற்கள் சொல்லாது. விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது.

அங்கே முதலில் தேட வேண்டியது, இது எந்த வயது நாய்க்கான முழுமையான உணவு என்கிற வரி. துணை உணவு என்று இருந்தால் அதை மட்டும் போட்டு நாய் வளர்க்க முடியாது. பல கம்பெனிகள், விலங்குத் தீவனத்துக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அளவுகளைக் குறிப்பிடுவார்கள். ஈரப்பதத்தைக் கழித்த கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு. குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5, 8.5.

வளர்ந்தபின் 32 கிலோவைத் தொடும் இனமா? அப்படியானால் பெரிய இனக் குட்டிகளுக்கும் ஏற்றது என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். இதில் சமாதானமே கூடாது. குட்டியின் குடலுக்கு அதிகப்படியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. அது உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். அதனால்தான் இந்தக் குட்டிகளுக்குக் கால்சியத்தின் உச்சவரம்பு 1.8 சதவீதம். எலும்பு உறுதியாகட்டும் என்று சரியான உணவின் மேல் கால்சியம் சிரப்பையும் ஊற்றுகிறவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுக்கிறார்கள்.

அடுத்தது, சேர்மானப் பட்டியல். சமைப்பதற்கு முந்தைய எடை வரிசையில் அது இருக்கும். பச்சைக் கோழிக்கறியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அந்த எடையோடு முதலிடம் பிடித்தாலும், காய்ந்தபின் அதன் பங்கு நன்றாகவே இறங்கிவிடும். உலர்த்தி அரைத்த கோழித் தூளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளத் தவிடு என்று ஒரே தானியம் மூன்று பெயரில் இருந்தால் கூட்டிப் பாருங்கள், கோழியை முந்தியிருக்கலாம்.

புரதச் சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆய்வகம் அளப்பது நைட்ரஜனை. அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். 2007-ல் நாய், பூனை உணவுக்கான கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்து சதவீதத்தை ஏற்றிக் காட்டினார்கள். சிறுநீரகம் செயலிழந்து பல விலங்குகள் இறந்தன. அதனால் உணவைத் தயாரித்தது யார், விலங்குச் சத்துணவு நிபுணர் இருக்கிறாரா, நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்களா என்று கம்பெனியிடமே கேளுங்கள். மழுப்பினால் அந்தப் பையை விட்டுவிடலாம்.

தானியமில்லாத உணவுக்கு, டாக்டர் சொல்லாதவரை அவசியமில்லை. பருப்பு, பட்டாணி அதிகமுள்ள இந்த வகைக்கும் இதயத்தசை வீக்க நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் உறுதியாகவில்லை. நாய்களுக்கு ஒவ்வாமை தருபவற்றில் முன்னால் நிற்பவை மாட்டிறைச்சி, பால், கோழி. கோதுமை அவற்றுக்குப் பின்னால்தான்.

இனி அளவு. கப்பால் அளந்தால் கை சாயும், தராசு வேண்டும். 10 கிலோ நாய் என்று வைத்துக்கொள்வோம். எடையை அதே எடையால் பெருக்கி, இன்னொரு முறையும் பெருக்கினால் (10 × 10 × 10) 1000. கால்குலேட்டரில் வர்க்கமூலத்தை இரண்டு தடவை அழுத்தினால் 5.62. அதை 70-ஆல் பெருக்கினால் 394 கலோரி. ஒரு நாள் சும்மா படுத்திருக்கவே இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு 1.6 மடங்கு, அதாவது 630. செய்யாததற்கு 1.8 மடங்கு.

பையில் கலோரி போடவில்லையா? புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மிச்சம் 42 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு 333 கலோரி. பிஸ்கட், தீனிக்குப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் நாளுக்கு 170 கிராம். இது தொடக்கம்தான். இரண்டு வாரம் கழித்து விலாவைத் தடவுங்கள். புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் பத்து சதவீதம் குறையுங்கள்.

புதிய உணவைக் கால் பங்கில் தொடங்கி 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்ற வேண்டும். மலம் இளகினால் விகிதத்தைக் கூட்டாமல் இரண்டு நாள் அப்படியே கொடுங்கள். ரத்தமோ வாந்தியோ தெரிந்தால் டாக்டர்தான்.

170 கிராம் வீதம் 20 கிலோ மூட்டை 117 நாள் வரும். ஆனால் திறந்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. காற்றுப் பட்டால் கொழுப்பு கெடும். டப்பாவில் கொட்டாமல் பையோடு இறக்கி வையுங்கள். டப்பாச் சுவரில் ஒட்டும் பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும், பையோடு பேட்ச் எண்ணும் போய்விடும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று முகத்தைத் திருப்பினால், முதலில் பைக்குள் மூக்கை விட்டுப் பாருங்கள், சிக்கு வாடை அடிக்கிறதா என்று.