சிகாகோவிலிருந்து ஹனேடாவுக்கு, மைல்கள் கொண்டு

சிகாகோவிலிருந்து டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்கு, ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவன விமானத்தின் பிசினஸ் வகுப்பில், கிரெடிட் கார்டில் சேர்ந்திருந்த பாயிண்டுகளைக் கொண்டே போவது என்று முடிவு செய்தபின், நான் முதலில் திறந்தது சீட்ஸ்.ஏரோ தளத்தைத்தான். ஒவ்வொரு தேதியாக மாற்றி மாற்றித் தேட வேண்டிய அவார்டு இருக்கைகளை, அதாவது மைல்களைக் கொடுத்து வாங்கும் இருக்கைகளை, விமான நிறுவனங்களின் பல மைலேஜ் திட்டங்களுக்கும் சேர்த்து, மாதக்கணக்கில் ஒரே பட்டியலாக அது தந்துவிடுகிறது. ஆனால் அது நமக்குக் காட்டுவது முன்பே தேடிச் சேமித்து வைத்த விவரம் என்பதால், வரியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள 'ஒன்பது மணி நேரத்துக்கு முன்' என்பது போன்ற குறிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாயிண்ட்.மீ என்ற இன்னொரு தளமோ நாம் கேட்ட பிறகே தேடத் தொடங்குவதால், காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இத்தகைய திரட்டல் விமான நிறுவனங்களுக்கு உவப்பானதன்று. தங்கள் சர்வர்களுக்குச் சுமை கூடுகிறது என்று 2023 அக்டோபரில் ஏர் கனடா, சீட்ஸ்.ஏரோ மீது அமெரிக்காவின் டெலவேர் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தது. கடைசியில் நான் டிக்கெட் எடுத்தது அதே ஏர் கனடாவின் மைலேஜ் திட்டமான ஏரோப்ளானின் மைல்களில்தான்.

ஏ.என்.ஏ. 355 நாட்களுக்கு முன்பே முன்பதிவைத் திறந்தாலும், விற்காமல் மீந்த இருக்கைகள் புறப்பாட்டுக்கு முந்தைய இரு வாரங்களில் ஏர் கனடா, யுனைடெட் போன்ற கூட்டாளி நிறுவனங்களின் மைல்களுக்கும் கிடைப்பதுண்டு. அதை நம்பி இருக்கை வந்தால் மின்னஞ்சலில் சொல்லும் எக்ஸ்பர்ட்ஃப்ளையர் தளத்தில் அலர்ட் போட்டு வைத்திருந்தேன். அங்கே 'ஐ2' என்று வந்தால் பிசினஸ் வகுப்பில் இரண்டு அவார்டு இருக்கைகள் உள்ளன என்று பொருள். மின்னஞ்சல் வந்ததும் பாயிண்டுகளை ஏரோப்ளான் மைல்களாக மாற்றிவிடத் துடித்தாலும், கார்டிலிருந்து ஒருமுறை மாற்றியவை திரும்பி வாரா என்பதால், ஏரோப்ளான், யுனைடெட் ஆகிய இரு தளங்களிலும் அதே இருக்கையைத் தேடிப் பார்த்தேன். வேறொரு தேடல் தளம் பளிச்சென்று காட்டிய, முந்தைய நாள் விமானத்தின் இருக்கை இரண்டிலுமே இல்லை. அலர்ட் சொன்னது இரண்டிலும் இருந்தது. ஏரோப்ளான் எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை. கூட்டாளி முன்பதிவுக்கு 39 கனடிய டாலரும் விமான நிலைய வரிகளும் மட்டுமே கட்டினேன்.

விமானம் போயிங் 777-300ஈஆர் என்பதை எல்லாத் தளங்களும் சொல்லின. 2019இல் அறிமுகமான, கதவு வைத்த 'தி ரூம்' இருக்கையா, பழையதா என்பதை மட்டும் ஏ.என்.ஏ.வின் இருக்கை வரைபடத்தில் நானே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதியதுதான், அதிலும் வால்பக்கம் பார்த்து அமரும் வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தது.