சாம்பிராணிப் புகையும் ஒரு பித்தளை வால்வும்

1951-இல் வந்த ‘தி மேன் ஃப்ரம் பிளானட் எக்ஸ்’ படத்தில் ஒரு காட்சி. மூடுபனி சூழ்ந்த பொட்டலில், வேறு கிரகத்திலிருந்து வந்தவன் நிற்கிறான். தலையில் கண்ணாடிக் கவசம், உடம்போடு மாட்டிய சுவாசக் கருவி. திடீரென்று மூச்சுத் திணறிக் கீழே விழுகிறான். வால்வைத் தேடிக் கை தவிக்கிறது. எதிரே நிற்பவர்கள் ஓடிப் போயிருக்கலாம். ஓடாமல் அந்த வால்வைத் திருகி அவனுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பின்னால் வேறொரு மனிதன், அவன் விண்கலத்து உலோகத்தின் ரகசியத்தை அவனிடமிருந்து பிடுங்குவதற்காக அதே வால்வை மூடுகிறான். கதை மொத்தமும் அந்த ஒரு வால்வில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அந்த முதல் காட்சியை மதுரை பசுமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று நிமிடப் படமாக எடுத்துப் பார்ப்பது என்று நவராத்திரி முடிந்ததும் இறங்கினேன். இயக்குநர் எட்கர் உல்மர் முழுப் படத்தையும் ஆறே நாளில் எடுத்து முடித்தவர். எனக்கு மூன்று நிமிடத்துக்கே இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் முகம். மண் பொம்மை செய்யும் விளாச்சேரி பக்கத்திலேயே இருப்பது நல்லதாகப் போயிற்று. கொலு பொம்மை வேலை ஓய்ந்து, கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த அக்கா ஒருவரிடம் நான் களிமண்ணில் செய்த முகத்தைக் காட்டினேன். பார்த்ததும், “மூக்குக்குக் கீழ இவ்வளவு குடையாதீங்க தம்பி, அச்சுல சிக்கிக்கிரும்” என்றார். அவர் சொன்னது சரி. படத்தில் வரும் முகமும் அப்படித்தான்: வழுவழுவென்று, கீறல் மாதிரிக் கண், இறுகின வாய். குடைவே கிடையாது.

களிமண் முகத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்தோம். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து ஆட்டுரலில் அரைத்து, மரவள்ளி மாவுப் பசையும், பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில் துத்தமும் சேர்த்து அச்சுக்குள் அழுத்தினேன். (மயில் துத்தம் விஷம். அதைப் போடும் முன்பே அரைத்த கூழைத் தனி வாளிக்கு மாற்றிவிட்டேன்.) ஐப்பசி மழையில் அது காய ஒன்பது நாள் ஆனது. அவசரப்பட்டு மூன்றாம் நாளே எடுத்த முதல் முகம் தாடை பக்கம் கோணிவிட்டது. இரண்டாவதைப் பொறுமையாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் வர்ணம் பூசினேன்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை அதைச் சுற்றி நகர்த்திப் பார்த்தேன். தாடைக்குக் கீழிருந்து அடித்தால் கோபக்காரன். பக்கவாட்டில் கொண்டுபோனால் ஊரைத் தொலைத்துவிட்டு வந்தவன் போல ஒரு துக்கம். நேராகப் பிடித்தால் ஒன்றுமே இல்லை, வெறும் காகிதக் கூழ். படம் முழுக்க அவன் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. ஆனாலும் சில இடங்களில் பயமும் சில இடங்களில் பரிதாபமும் ஏன் வருகிறது என்பது அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

கவசத்துக்கு, கேட்டுத் தூணில் வைக்கும் விளக்கின் 14 அங்குல அக்ரிலிக் உருண்டை. தலை நுழைய அடியில் பெரிதாக வெட்ட வேண்டும். ரம்பம் போட்டதில் முதல் உருண்டை விரிசல் விட்டது. இரண்டாவதில் வெட்டும் கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, ஆக்ஸா பிளேடை மட்டும் கையில் பிடித்து மெதுவாக அறுத்தேன். முழுதாக வந்தது. தோளில் அரை அங்குலப் பித்தளை வால்வு. அது எதற்கும் இணைப்பில்லாத வெறும் அலங்காரம். விண்கலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஒரு புனல், தூரத்துக் காட்சிக்கு அது போதும்.

மூடுபனிதான் பெரிய வேலை. உல்மர் தன் படத்தை ஸ்டுடியோவுக்குள், 1948-இல் வந்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துக்குப் போட்ட அரங்குகளை வைத்துக்கொண்டே எடுத்தார். ஸ்காட்லாந்துத் தீவு என்று நம்ப வைத்தது அந்தப் பனிமூட்டம்தான். எனக்கு மறைக்க வேண்டியவை தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர், பக்கத்து வீட்டுக் கொடித்துணி. சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். புகை சூடாக இருப்பதால் நேராக மேலே போய்விடுகிறது, தரையில் தங்குவதில்லை. அப்புறம் மீன் வரும் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, ஒரு பக்கம் தூபக்கால் புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, மறுபக்கம் இன்னொரு குழாயில் வெளியே எடுத்தேன். குளிர்ந்த புகை கனத்துக் கீழே இறங்கி, முழங்கால் உயரத்துக்கு மாடி முழுக்கப் பரவியது. மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தும் கொஞ்சம் காற்றடித்தால் கலைந்துவிடும். காற்று அடங்கும் இரவு பதினொன்றரைக்கு மேல்தான் எடுக்க முடிந்தது. அந்தப் புகையில் தொட்டி காணாமல் போய், திருப்பரங்குன்றத்து மலையின் நிழல் மட்டும் பின்னால் நின்றபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

வேற்றுக்கிரகத்தான் என் அக்கா மகன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. முதல் இரவு, மூன்றாவது டேக். விழு என்றேன், விழுந்தான். கை தோளுக்குப் போனது, விரல்கள் நடுங்கின. எவ்வளவு நன்றாகச் செய்கிறான் என்று நினைத்தபடி கேமராவுக்குள் வந்து வால்வைத் திருகினேன். அவன் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. உருண்டைக்குள் பார்த்தால் வெண்மையாக ஆவி படிந்து முகமே தெரியவில்லை. உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டது எதுவும் வெளியே கேட்கவில்லை. கவசத்தைக் கழற்றியதும், “மாமா, மூச்சு முட்டிருச்சு மாமா” என்றான். அவன் நடிக்கவில்லை. என் கையில் இருந்ததோ எதையும் திறக்காத வால்வு. அன்று அதோடு நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் காற்றுக்கே போனது. கவசத்தின் பின்பக்கம் ஐந்து துளை போட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன விசிறி ஒன்றைப் பொருத்தினேன். அது சாம்பிராணிப் புகையையும் சேர்த்து உள்ளே இழுத்தது, பையன் இருமினான். விசிறிக்கு ஒரு வளையும் குழாய் மாட்டி, மாடிப்படிக் கதவு வரை நீட்டிப் புகையில்லாத காற்றை எடுத்ததும்தான் சரியாயிற்று. விசிறியின் ஸ்விட்சை அந்தப் பித்தளை வால்வின் கைப்பிடியோடு சேர்த்துவிட்டேன். இப்போது வால்வைத் திருகினால் நிஜமாகவே காற்று வரும். கவசத்தைச் சட்டென்று கழற்றவும் ஒரு கொக்கி வைத்தாயிற்று. டேக் ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் கிடையாது.

போன சனிக்கிழமை அந்த ஷாட் கிடைத்தது. வால்வு திரும்பியதும் உருண்டையில் படிந்த ஆவி பின்பக்கத்திலிருந்து மெல்ல விலகி, சாம்பல் முகம் துளித்துளியாகத் தெளிகிறது. மூல படத்தில் இப்படி இல்லை, எங்களுக்குத் தானாக அமைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தன் மகன் என்பதையே மறந்து, “பாவம்டா, இப்பத்தான் அதுக்கு உயிரு வந்துச்சு” என்றாள்.

தமிழில் 1963-இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிப் போவது தங்கள் கிரகத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க. வந்தவர்களுக்கு நம்மிடம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்ற அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது பேச்சு. படத்தில் வந்தவனோடு பேச வடிவியல்தான் வழி என்று முடிவு செய்து, கோடும் உருவமும் போட்டுக் காட்டுகிறார்கள். மார்கழி பிறக்கப் போகிறது. நான் காகிதம் எடுக்கப் போவதில்லை. ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி என்று அக்கா கோலம் சொல்லியிருக்கிறாள். பாதிக் கோலத்தை அவள் போட, மீதியை அவன் போட்டு முடிக்க வேண்டும். கையுறையோடு மாவு இழுக்க வரவில்லை என்று பையன் இரண்டு நாளாக மாடியில் பழகிக்கொண்டிருக்கிறான்.