பிரிட்டனில் கப்பல் விபத்து விசாரணை: பதில் சொல்லும் முன் கேட்பவர் யாரென்று பாருங்கள்

ஒரு பிரிட்டிஷ் துறைமுகத்தில் எங்கள் கப்பலைக் கரையோடு கயிற்றால் பிணைக்கும்போது ஸ்டெர்னில், அதாவது பின்பகுதியில், கயிறு அறுந்து ஒரு ஏபிக்கு (தேர்ந்த மாலுமி) கால் முறிந்தது. அங்கே பொறுப்பில் நின்ற செகண்ட் ஆபீசர் நான். ஆம்புலன்ஸ், விடிஆர் (கப்பலின் பயணத் தரவுப் பதிவுக் கருவி) பதிவைச் சேமிப்பது எல்லாம் சரியாகவே நடந்தன. அதற்குப் பிறகுதான் தலைவலி.

கேங்வேயில், அதாவது கப்பலில் ஏறும் படியில், வரிசையாக ஆட்கள் ஏறினார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், ஆனால் சட்டப்படி ஒவ்வொருவரும் வேறு. விபத்து விசாரணைப் பிரிவான எம்ஏஐபி, கொடி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் பிரிட்டிஷ் கடல் எல்லைக்குள் நடந்ததை விசாரிக்கலாம். 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 259ஆவது பிரிவுப்படி கப்பலில் ஏறலாம், ஆவணங்களைக் கேட்கலாம், உங்களைப் பதில் சொல்லவும் வைக்கலாம். தகுந்த காரணமில்லாமல் மறுப்பதே குற்றம். ஆனால் அப்படி வாங்கிய பதிலை உங்களுக்கு எதிராக வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது, பொய் சொன்னதற்கான வழக்கைத் தவிர.

இது எதுவும் கரையிலிருந்து கப்பலைக் கவனிக்கும் எங்கள் கம்பெனி சூப்பரிண்டெண்டன்ட்டுக்குத் தெரியவில்லை. "வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே" என்று போனிலேயே உத்தரவு போட்டார். கேட்டிருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன். நேரில் வந்தவர் விசாரணை அறையிலும் என் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். கூட யார் இருக்கலாம் என்று தேர்ந்தெடுப்பது பதில் சொல்பவரின் உரிமை, கம்பெனியுடையது அல்ல. எம்ஏஐபி இன்ஸ்பெக்டரிடம் "யாரும் வேண்டாம்" என்றேன். இன்ஸ்பெக்டரே எழுந்து சூப்பரிண்டெண்டன்ட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அந்த நாளை மன்னிக்கலாம்!

அப்புறம் எம்சிஏவின் (பிரிட்டனின் கடல்சார், கடலோரக் காவல் முகமை) அமலாக்க அதிகாரி வந்தார். இவர் வழக்குப் போடும் தரப்பு. "நீங்கள் எதுவும் சொல்லத் தேவையில்லை" என்று எச்சரிக்கை வாசித்தால் அது வேறு ஆட்டம். சட்ட ஆலோசனை கிடைத்த பிறகு பேசுகிறேன் என்று நிறுத்திக்கொண்டேன். முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். கம்பெனி வக்கீல் இனிமையாகப் பேசினார், காபி வாங்கிக் கொடுத்தார். அவர் கம்பெனிக்குத்தான் வக்கீல்.

ஊருக்கு வந்ததும் அடுத்த கூத்து. எம்ஏஐபியின் அறிக்கையால் யாருடைய பெயர் கெடலாமோ அவர்களுக்கு வரைவை அனுப்பி, கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். என் முகவரியாக யாரோ, கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸின் முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். நான் விசாரித்துப் போனபோது "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார் கிளார்க். மறுபடி போனால் கவர் அவர் மேஜையிலேயே கிடக்கிறது, அதுவும் பிரித்து! வரைவை அனுமதியில்லாமல் வெளியிடுவது குற்றம், அதனால் உள்ளே இருந்ததை நானும் இங்கே எழுத மாட்டேன். கெடுவில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. கவர் பிரிந்து கிடந்ததையும் சேர்த்து எம்ஏஐபிக்கே மெயில் போட்டேன், சொந்த ஐடியில். அடுத்த நாளே பதில் வந்தது, கூடுதல் அவகாசத்தோடு.

ஆகவே இன்ஸ்பெக்டரிடம் முதல் நாளே வீட்டு முகவரியையும் சொந்த மெயிலையும் எழுதிக் கொடுங்கள். ரெஸ்ட் ஹவர்ஸ் ஷீட்டின் (ஓய்வு நேரப் பதிவுத் தாள்) கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பதை நம்பாதீர்கள். என் கருத்துக்கு ஆதாரமாக நின்றது அந்தத் தாள்தான். இறுதி அறிக்கையில் யார் பெயரும் வராது, நான் வெறும் "செகண்ட் ஆபீசர்". நான் திருத்தச் சொன்ன வரி திருந்தியிருந்தது.