நாலு எழுத்து

"சார், எனக்குப் படிக்கவெல்லாம் வேண்டாம். கையெழுத்துப் போட மட்டும் சொல்லிக்குடுங்க."

மாலை வகுப்புக்கு வந்த முதல் நாளே அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். அவர் பெயரில் மொத்தம் நாலு எழுத்து. ஒரு வாரத்தில் முடிகிற வேலை. முடியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"படிக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டா, எதுல போடுறோம்னு எப்படித் தெரியும்மா?"

"கைநாட்டு வெச்சப்போ மட்டும் தெரிஞ்சுதா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கரும்பலகை பக்கம் திரும்பி ட எழுதினேன். 33 வருஷம் வகுப்பில் நின்றவனுக்கு, பதில் தெரியாவிட்டால் பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்பதுகூடவா தெரியாது?

பதில் வீட்டுக்கு வந்தபின் வந்தது. கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டினோம், புரிந்துகொண்டுதான் வைத்தார் என்று பக்கத்தில் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். பல இடங்களில் படிக்காமலே அப்படி எழுதிவிடுகிறார்கள், சரி, ஆனாலும் பின்னால் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். கையெழுத்தாகப் போட்டுவிட்டால் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்றாகிவிடும். அதனால் நான் செய்தது சரிதான் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா வரவில்லை.

ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகள், எழுதிப் பழகாத விரலுக்கு வளைவைவிடக் கோடு சுலபம், மூன்றே எழுத்தில் படம், பட்டம், மடம் என்று படிக்க வைத்துவிடலாம். முறை தப்பில்லை. ஆனால் மடம் என்று படித்து அந்த அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? அவருடைய நாலு எழுத்திலிருந்தே தொடங்கி, அவை வருகிற வேறு சொற்களுக்குப் போயிருக்கலாம். அது எனக்குத் தெரியாததல்ல. கையெழுத்தோடு எழுந்து போய்விடுவார் என்ற பயமா, அல்லது 247 எழுத்தையும் முடித்த ஒரு ஆளை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்ததைக்கூட அக்கறையின்மை என்றுதான் நினைத்தேன். வெள்ளெழுத்து என்று உறைக்க மூன்று நாள் ஆனது. அதற்கான கண்ணாடியை நானும்தான் போட்டிருக்கிறேன்!

சில மாதம் கழித்து, தெருவிளக்கு கேட்டு மனு எழுதி நானே வீடு வீடாக எடுத்துப் போனேன். அந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு பெரியவர் கைநாட்டு வைத்தார். அவருக்கு முழு மனுவையும் உரக்கப் படித்துக் காட்டியபின்தான் மைப்பெட்டியை நீட்டினேன்.

அந்த அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினார். முதலில் புள்ளியை வைத்தார், அப்புறம் அதன் கீழே எழுத்தை வரைந்தார், கோலம் போடுகிற மாதிரி. நாலு எழுத்தும் சரியாக இருந்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்று தாளை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனபின்தான் உறைத்தது. அவருக்கு அதில் ஒரு வரிகூட நான் படித்துக் காட்டவில்லை.